காற்றைத் திருப்பச் சொன்னவர்

கொள்ளிடத்தில் ஓடம் ஓட்டும் சடையனுக்கு மிராசுதார் வைத்திலிங்கத்தைக் கண்டாலே பொறாமை. ஓடத்தில் பீடி பற்றவைத்தால் வேலை போய்விடும் என்று சடையனுக்கு உத்தரவு. மிராசுதாரோ முன்பலகையில் சாய்ந்துகொண்டு மணக்க மணக்கச் சுருட்டு பிடிப்பார். ஒருவரும் வாய் திறக்கமாட்டார்கள்.

அன்றைக்கு எதிர்க்காற்று. புகை முழுக்கப் பின்னால் இருந்தவர்கள் முகத்தில் அடித்தது. நிறைமாதக்காரி செங்கமலம் இருமி இருமித் துவண்டுபோனாள்.

"ஐயா, கரை சேர்ற வரைக்கும் அதை அணைச்சுடுங்களேன்" என்றான் சடையன்.

"என் வாய், என் சுருட்டு. கேக்க நீ யாருடா? புகை ஆகலைன்னா காத்தைத் திருப்பிவிடு!"

"உத்தரவுங்க."

சடையன் கோலை ஊன்றினான். நடு ஆற்றில் ஓடம் வட்டமடித்து, புறப்பட்ட கரையைப் பார்த்துத் திரும்பியது. புகையும் யார்மேலும் படாமல் முன்னால் பறந்தது.

"டேய், பத்து மணிக்கு எனக்குக் கோர்ட்டுடா! எங்கே போறே?"

"காத்து என் பேச்சைக் கேக்கலைங்க, ஓடம்தான் கேட்டுது. நீங்க நிதானமாப் பிடிச்சு முடிங்க, மறுபடி திருப்பறேன்."

ஓடமே சிரித்தது. மிராசுதார் பல்லைக் கடித்துக்கொண்டு சுருட்டை ஆற்றில் வீசினார்.

ஓடம் மறுபடி அக்கரைக்குத் திரும்பியது. பாதிகூடப் பிடிக்காத அந்தச் சுருட்டு தண்ணீரில் மிதந்து போவதைப் பார்த்தபோதுதான் சடையனுக்கு வயிறு பற்றி எரிந்தது.