இலை கண்டு கரைந்த மையாள்

கேளுங்கள். காக்கைகளுக்கும் ராஜா இருந்த காலம் அது.

ஆற்றின் இக்கரையில் ஓர் ஆலமரம், அக்கரையில் ஓர் இலுப்பை மரம். இரண்டுக்கும் ஒரே ராஜா. அவர் செத்ததும் உச்சிக்கிளையில் யார் உட்காருவது என்று மகன்கள் முறைத்துக்கொண்டார்கள். மூத்தவன் நெட்டலகன் ஆலமரத்தைப் பிடித்தான். இளையவன் சாய்சிறகன் இலுப்பையைப் பிடித்தான். ஆறுதான் எல்லை, தாண்டினால் கொத்து. குடிமக்களை யாரும் கேட்கவில்லை. கேட்டுவிட்டால் அப்புறம் அது என்ன அரசாட்சி?

அன்று மையாள் என்ற காக்கை இக்கரையில் இரை தேடிக்கொண்டிருந்தாள். அவள் கூடோ இலுப்பையில். கூட்டில் மூன்று முட்டை, அடைகாத்தபடி புருஷன். பொழுது சாய்வதற்குள் அவள் ஆலமரத்துப் பிரஜையாகிவிட்டாள்.

ஏழாம் நாள் நெட்டலகன் நாற்பது காக்கைகளைக் கூட்டினான்.

"விடியும்போது இலுப்பையில் பாய்கிறோம். அவர்கள் விழிப்பதற்குள் ஒரு கூடு மிஞ்சக் கூடாது. மூன்று கட்டளை: கரையாதே, கீழே பார்க்காதே, யோசிக்காதே."

மூன்றாவது எல்லோருக்கும் ஏற்கெனவே பழக்கம்தான்.

"மன்னா, அங்கே என் முட்டைகள் இருக்கின்றன," என்றாள் மையாள்.

"இப்போது அவை எதிரி முட்டைகள்," என்றார் கிழட்டு மந்திரி.

"ஓடே உடையாத குஞ்சு எப்போது கட்சி மாறியது, மாமா?"

"வாயாடி! இவளை முன்வரிசையில் போடுங்கள்!" என்றான் நெட்டலகன்.

விடிந்தும் விடியாத நேரத்தில் படை கிளம்பியது. மூச்சுச் சத்தம்கூட இல்லை. ஆற்றைக் கடக்கையில் கீழே மணலில் ஒரு வாழையிலை. யாரோ அமாவாசைக்குப் படைத்த சோறு. மேலே எள், ஓரத்தில் நெய்.

சோற்றைக் கண்டால் கூட்டத்தைக் கூப்பிட்டுத்தான் தின்ன வேண்டும். காக்கைக்கென்று இருந்த சட்டம் அது ஒன்றுதான். நாற்பது தொண்டையும் அரித்தது. மையாள் மட்டும் அடக்கவில்லை.

"கா!"

ஒருத்தி கரைந்தால் போதாதா? நாற்பதும் கரைந்தன. இலுப்பை விழித்துக்கொண்டது. யாரோ சோற்றுக்குக் கூப்பிடுகிறார்கள் என்று எதிரிப் படை மொத்தமும் பறந்து வந்து இலையைச் சுற்றி உட்கார்ந்தது.

"கொத்துங்கள்! கொத்துங்கள்!" என்று அலறினான் நெட்டலகன்.

"கொத்திக்கொண்டுதான் இருக்கிறோம், மன்னா," என்றார் சேனாதிபதி, வாய் நிறையச் சோற்றோடு.

அந்தப் போரில் மூன்று இறகுகள் உதிர்ந்தன. மூன்றும் நெட்டலகனுடையவை, நெய்யில் வழுக்கி விழுந்தான். உச்சிவேளைக்குள் இரண்டு மரத்திலும் வெற்றி விழா.

மறுநாள் விசாரணை.

"முதலில் கரைந்த துரோகி நீதானே?"

"நான்தான். எதற்குத் தண்டனை என்று மட்டும் சொல்லுங்கள், மன்னா. எதிரியைக் கூப்பிட்டதற்கா, காக்கையாக இருந்ததற்கா?"

பதில் தெரியாத ராஜாக்களுக்குக் கோபம் மட்டும் குறைவில்லாமல் வரும்.

"உன்னை நாடு கடத்துகிறேன்! போ, அந்த இலுப்பைக்கே போய்த் தொலை!"

"ஐயோ, இவ்வளவு கடுமையா!" என்று மையாள் முறைப்படி ஒருமுறை அழுதுவிட்டு, அடுத்த நொடி பறந்தாள்.

எல்லைக் காவலன் அலகைத் தூக்கினான். பிறகு முகத்தைப் பார்த்தான். "சோற்றுக்குக் கூப்பிட்ட அக்காவா? உள்ளே போங்கள்."

மூன்று முட்டையும் சூடாக இருந்தன. புருஷன் முறைத்தான். "எட்டு நாளாக இரை தேடினாயே, ஒரு பருக்கைகூடவா கொண்டுவரவில்லை?"

நீதி இதுதான்: பகிர்ந்து உண்ணும் வழக்கத்தை எந்தத் தலைவன் விடச் சொன்னாலும் விடாதிருப்பவரே தம் கூட்டைக் காப்பார்.