வெள்ளி இரவில் ஊறிய தண்ணீர்

என் மூத்த மகன் பிறந்து நாற்பது நாள்கூடக் கழியாத நேரத்தில் ஜுலைகா சாச்சி இதை எனக்குச் சொன்னார். சாச்சி என்றால் என் உம்மாவின் தங்கை. பொழுது சாய்ந்தாலே எனக்கு அப்போதெல்லாம் அழுகை வந்துவிடும். பிள்ளை பாலுக்கு அழுவான், நானும் கூடச் சேர்ந்து அழுவேன்.

"ராத்திரி வருதுன்னாலே பயமா இருக்கு சாச்சி" என்றேன்.

சாச்சி பிள்ளையை வாங்கி மடியில் போட்டுக்கொண்டார். தட்டிக்கொண்டே சொல்ல ஆரம்பித்தார். அந்தப் பிள்ளைக்கு இப்போது மீசை நரைக்கத் தொடங்கிவிட்டது. கதை மட்டும் எனக்கு அப்படியே இருக்கிறது.

எங்கள் கடற்கரையில் நாள் பிறப்பது காலையில் இல்லை. சூரியன் அடைந்ததும் அடுத்த நாள் பிறந்துவிடும். மற்றவர்கள் வியாழக்கிழமை ராத்திரி என்பதை நாங்கள் வெள்ளி இரவு என்போம். இரவு முந்தி, அதன் பகல் பிந்தி. பெருநாள் இரவு என்றால் பெருநாளுக்கு முந்திய இரவுதான். சின்னப் பிள்ளைக்கும் இது தெரியும். ஏன் என்றுதான் யாரும் கேட்பதில்லை.

இல்யாஸ் கேட்டார்.

இல்யாஸ், ஊருக்கு மார்க்கம் சொல்லித்தரும் பெரியவர் நூஹ் லெப்பையின் சீடர். நாற்பது வயதைத் தாண்டியவர். ஊர் ஊராகப் போய்ப் படித்துவிட்டு, கடைசியில் லெப்பையின் காலடியில் வந்து உட்கார்ந்தவர். லெப்பையை அவர் அப்பா என்றுதான் கூப்பிடுவார்.

"அப்பா, இரவு என்றால் என்ன பொருள்?"

"உனக்குத் தெரிஞ்சதைச் சொல்லு."

இல்யாஸ் சொன்னார். தமிழில் இரவு, இரா, அல், கங்குல். அரபியில் லைல். பார்சியில் ஷப். இரவும் இருளும் ஒரே வேரில் கிளைத்த சொற்கள் என்று படித்தவர்கள் சொல்வதையும் சொன்னார்.

லெப்பை முழுவதையும் கேட்டார்.

"பேரும் சொல்லிட்டே, பூர்வீகமும் சொல்லிட்டே. அதோட வீட்டுக்குள்ள போயிருக்கியா?"

இல்யாஸ் கிட்டே நகர்ந்து உட்கார்ந்தார்.

"இல்லைப்பா, எனக்கு ஒண்ணுதான் புரியலை. பகல்தானே வேலை செய்யுது? ராவு சும்மாதானே கிடக்கு? அதைப் போய் ஏன் நாம முன்னால வைக்கிறோம்?"

"முதல்ல கிணத்தை வெட்டு வாப்பா. அப்புறம் பேசலாம்."

கிணறு என்றதும் இல்யாஸின் முகம் சுருங்கிப்போனது.

அந்தக் கரையில் குடியேறி ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. இடத்தைக் காட்டியவரே இல்யாஸ்தான். அவர் பேச்சை நம்பித்தான் அத்தனை குடும்பமும் வந்தது. மண் குழைத்துப் பள்ளிவாசலுக்குச் சுவர் எழுப்பிவிட்டார்கள். கூரை இன்னும் போடவில்லை. இரண்டு பிள்ளைகள் அங்கேயே பிறந்துவிட்டன. ஒரு பெரியவரை அங்கேயே அடக்கமும் செய்துவிட்டார்கள். நல்ல தண்ணீர்தான் இல்லை. வெட்டிய கிணறெல்லாம் உப்பு. பெண்கள் கிழக்கு வெளுக்கும் முன்பே குடத்தோடு கிளம்பினால் வெயில் ஏறித்தான் திரும்புவார்கள்.

ஊருக்குத் தலைவர் சதக்கு மரைக்காயர். தோணிகள் அவருடையவை. அவர் சபையில் சொல்லிவிட்டார்.

"இதுதான் கடைசிக் கிணறு. வெள்ளிக்கிழமை இதுல நல்ல தண்ணி கண்டா இருக்கோம். இல்லாட்டி தோணியில ஏறிடுவோம். இல்யாஸு படிச்ச ஆளு, கிதாபைப் பிழிஞ்சு குடிச்சுப் பொழைச்சுக்குவாரு. நமக்குத் தண்ணி வேணும்ல?"

எல்லோரும் சிரித்தார்கள். இல்யாஸ் தலையைக் குனிந்துகொண்டார்.

அந்த வாரம் முழுக்க இல்யாஸும் நான்கு ஆட்களும் வெட்டினார்கள். மணல் போய்க் களி வந்தது. களி போய் வெள்ளைப் பாறை வந்தது. புதன்கிழமை பாறையின் வெடிப்பில் லேசாக ஈரம் கசிந்தது. இல்யாஸ் ஓடிப்போய் உள்ளங்கையில் வழித்து நக்கிப் பார்த்தார். சேறும் சுண்ணாம்புமாக இருந்தது. அதையெல்லாம் வாரி வெளியே கொட்டிவிட்டு மறுபடி வெட்டினார். மறுபடி கசிந்தது. மறுபடி வழித்து நக்கினார். சேறுதான்.

வியாழக்கிழமை பொழுது சாய்கிற வரைக்கும் இதே கதை. கசியக் கசிய வாரிக் கொட்டினார்.

சூரியன் அடைந்ததும் மஃரிபு தொழுகைக்குப் பாங்கு சொன்னார்கள். தொழுகை முடிந்ததும் ஊரே கிணற்றடியில் கூடியது. பெண்கள் தள்ளி நின்றார்கள். சிலருடைய இடுப்பில் மூட்டை இருந்தது. தோணிகளில் பாதிச் சாமான் ஏறியாகிவிட்டது.

மரைக்காயர் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தார்.

"பொழுது அடைஞ்சாச்சு. வெள்ளி பிறந்தாச்சு. தண்ணி எங்கே லெப்பை?"

இல்யாஸ் தொழுத கையோடு மறுபடி உள்ளே இறங்கியிருந்தார். கிணற்றின் அடியிலிருந்து மேலே பார்த்துக்கொண்டு நின்றார். உடம்பெல்லாம் வெள்ளைச் சேறு.

லெப்பை கேட்டார்: "மரைக்காரே, வெள்ளி எப்போ பிறந்துச்சு?"

"இதோ, இப்பத்தான். பாங்கு கேட்கலையா?"

"இப்பத்தான் பிறந்துச்சுன்னு நீங்களே சொல்றீங்க. பிறந்த பிள்ளைகிட்ட, எங்கேடா உன் சம்பாத்தியம்னு கேட்பீங்களா?"

கூட்டத்தில் ஒரு பெண் களுக்கென்று சிரித்தாள். அடுத்தவளும் சிரித்தாள். மரைக்காயர் சிரிப்பை அடக்கத் தாடியைத் தடவிக்கொண்டார்.

"சரி லெப்பை. பிள்ளை நாளைக்குப் பொழுது அடையற வரைக்கும் உசுரோட இருக்கும். அதுவரைக்கும் பொறுக்குறேன். அதுக்கு மேல ஒரு பேச்சில்லை."

கீழேயிருந்து இல்யாஸ் கத்தினார். "பந்தத்தைக் கொளுத்துங்க! ராவோட ராவா இன்னும் ஒரு ஆள் மட்டம் வெட்டிடுறேன்!"

"மேலே வா" என்றார் லெப்பை.

"அப்பா, ராவும் வெள்ளிதானே? கிடைச்ச நேரத்தை ஏன் விடணும்?"

"மேலே வா இல்யாஸு."

"இன்னும் ஒரே ஒரு முழம்..."

"ஒரு முழம் போனா கடல். மத்த கிணத்துல எல்லாம் அந்த ஒரு முழத்தைத்தானே வெட்டினோம்?"

இல்யாஸ் மண்வெட்டியைக் கீழே போடாமலே ஏறி வந்தார். கண்ணீர் சேற்றில் கோடு போட்டிருந்தது.

"அப்போ நான் என்னதான் செய்றது?"

"வெட்டுறது உன் முறை. அதை நல்லாவே செஞ்சுட்டே. இப்போ வேற ஆள் முறை."

லெப்பை பெரிய ஓலைப்பாயை வாங்கிக் கிணற்று வாயை மூடினார். ஓரத்துக்குக் கல் வைத்தார். பக்கத்திலேயே தன்னுடைய தொழுகைப் பாயை விரித்து உட்கார்ந்துகொண்டார்.

"எல்லாரும் வீட்டுக்குப் போய்ச் சோறு தின்னுங்க. மூட்டையை அவுக்கவும் வேண்டாம், தூக்கவும் வேண்டாம். இல்யாஸு, நீ அந்த மண்வெட்டியை என்கிட்டக் குடுத்துட்டுப் போய்ப் படு."

இல்யாஸ் கொடுத்தார். லெப்பை அதைத் தன் காலுக்கடியில் போட்டுக்கொண்டார்.

சாச்சி இந்த இடம் வந்ததும் நிறுத்தினார். "நீயும் கொஞ்சம் தூங்கு. இவனை நான் பார்த்துக்குறேன்" என்றார். எனக்கெங்கே தூக்கம் வந்தது? "அப்புறம் என்ன ஆச்சு சாச்சி, சொல்லுங்க" என்றேன்.

காலைத் தொழுகை முடிந்து கிழக்கு வெளுத்தது. ஊர் மறுபடி கூடியது. லெப்பை எழுந்து கல்லைத் தள்ளினார். பாயைச் சுருட்டினார். உள்ளே எட்டிப் பார்க்கவில்லை.

"இறக்கு" என்றார்.

இல்யாஸ் வாளியை இறக்கினார். கயிறு ஓடிக்கொண்டே இருந்தது. எல்லோரும் அந்தச் சத்தத்துக்காகக் காது கொடுத்தார்கள். ஒரு வாரமாக அவர்கள் கேட்ட சத்தம், வாளி பாறையில் மோதும் சத்தம்.

அது வரவில்லை.

தண்ணீரில் வாளி விழும் சத்தம் வந்தது.

இல்யாஸ் இழுத்தார். வாளி மேலே வந்தது. சேறெல்லாம் அடியில் படிந்துபோய், தண்ணீர் தெளிந்து, அதில் வெளுத்த வானம் அப்படியே தெரிந்தது. அவர் வாய் வைக்கவில்லை. வாளியை மரைக்காயரிடம் நீட்டினார்.

மரைக்காயர் ஒரு கை அள்ளிக் குடித்தார். கண்ணை மூடினார். இன்னொரு கை அள்ளிக் குடித்தார். பிறகு கரையைப் பார்த்துத் தொண்டை கிழியக் கத்தினார்.

"சாமானை இறக்குங்கடா! தோணியில ஒரு சட்டிகூட இருக்கக் கூடாது! கூரைக்கு மரம் எங்கே? பள்ளிக்குக் கூரை போடணும், மரம் எங்கே?"

"அல்லாஹு அக்பர்" என்று யாரோ சொன்னார்கள். அப்புறம் ஊரே சொன்னது. பெண்கள் குலவை விட்டார்கள். அந்தக் குலவை கடலுக்குள் போயிருந்த வலைக்காரர்களுக்குக் கேட்டதாம், கல்யாணமா என்று அவர்கள் திரும்பி வந்துவிட்டார்களாம். மூட்டை வைத்திருந்த ஒரு பெண் அதை மணலில் எறிந்துவிட்டுக் குடத்தை எடுக்க ஓடினாள். பிள்ளைகள் தலையில் தண்ணீரை ஊற்றிக்கொண்டு ஆடினார்கள். வைய யாருக்கும் மனசு வரவில்லை. அன்று மதியம் ஜும்ஆ தொழுகைக்கு அந்தக் கரையில் இருந்த ஒவ்வொருவரும் நல்ல தண்ணீரில் கைகால் கழுவித் தொழுதார்கள். கூரை இல்லாத பள்ளியில் வெயிலிலேயே நின்று தொழுதார்கள்.

தொழுகை முடிந்து இல்யாஸ் லெப்பையிடம் வந்தார். கையில் ஒரு கிண்ணம் தண்ணீர். காலையிலிருந்து எல்லோருக்கும் இறைத்துக் கொடுத்தவர், தான் மட்டும் குடித்திருக்கவில்லை.

"அப்பா, நேத்து ராத்திரி நீங்க தடுக்கலேன்னா நான் வெட்டிக் கெடுத்திருப்பேன். பாருங்க, எப்படித் தெளிஞ்சிருக்கு! எல்லாம் நேத்து ராத்திரி ஊறின தண்ணி."

லெப்பை கிண்ணத்தை வாங்கவில்லை. அதை இல்யாஸின் வாய்க்கே நகர்த்தினார்.

"குடி வாப்பா. நேத்து இல்லை. இன்னைக்கு ராத்திரி."

இல்யாஸ் கிண்ணத்தைப் பார்த்தார். அப்புறம் குடித்தார்.

உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். இன்று பொழுது சாய்ந்து விளக்குப் போடும்போது ஜுலைகா சாச்சிக்காக ஒரு ஃபாத்திஹா ஓதுங்கள். ஓதத் தெரியாதவர்கள் அவர் பெயரைச் சொல்லி ஒரு வாய் தண்ணீர் குடித்தால்கூடப் போதும்.