உப்புக்கு முன்னால் குங்குமப்பூ

சகல ஜனங்களும் கைவேலையை நிறுத்திவிட்டுக் கேட்க வேண்டிய சேதி இது. முன்னொரு காலத்தில், ஒரு நாட்டில், மகாராஜாவுக்கு வெல்லம் கிடைக்கவில்லை.

நாட்டில் பஞ்சம் எதுவும் இல்லை. வெல்லம் அரண்மனையில்தான் இருந்தது. எங்கே இருக்கிறது என்றுதான் யாருக்கும் தெரியவில்லை. மத்தியானத் தூக்கம் கலைந்த ராஜா வாய்க்கு ஒரு துண்டு கேட்டார். மடைப்பள்ளியே தலைகீழானது. போன வருஷத்து வடகம் அகப்பட்டது, வண்டு விழுந்த பயறு அகப்பட்டது, சேனாதிபதி தொலைத்த தலைப்பாகைகூட அகப்பட்டது. வெல்லம் மட்டும் வரவில்லை.

மறுநாள் ராஜா சபையில் முழங்கினார். "மளிகைச் சாமான் வைக்கப் புதிய உக்கிராணம் ஒன்று அமைப்போம். விகடகவி நல்லக்குட்டி, அது உமது பொறுப்பு."

"உத்தரவு, பிரபு. தினம் எடுப்பது கைக்கெட்டும் உயரத்தில். பழைய சரக்கு முன்னால், புதியது பின்னால். அரிசியில் நாலு வேப்பிலை. அவ்வளவுதான்."

"அவ்வளவுதானா?" என்றார் ராஜா. ஒரு ராஜ காரியம் இத்தனை சுலபமாக முடிவதில் அவருக்குக் கொஞ்சம் வருத்தம்.

மந்திரி உலகளந்தார் எழுந்தார். நல்லக்குட்டி சொன்னால் சபை சிரிக்கிறது, தான் சொன்னால் கொட்டாவி விடுகிறது என்பது அவருடைய நெடுநாள் வயிற்றெரிச்சல்.

"பிரபு, இது அரண்மனை. இங்கே எதற்கும் அந்தஸ்து உண்டு. குங்குமப்பூவுக்கு முதல் தட்டு. அடுத்து ஏலம், முந்திரி, கல்கண்டு, நெய். அரிசி, பருப்பு, புளியெல்லாம் அதற்குப் பிறகு. உப்பு கூலிக்காரன் கஞ்சியில் விழுவது, அது கடைசி. அடுக்குவதில் மட்டுமல்ல, எடுத்துச் சமைப்பதிலும் நம் சபை முறைப்படி, உயர்ந்தவர் நுழையாத இடத்தில் தாழ்ந்தவர் முந்தி நுழையக் கூடாது. மீறினால் விகடகவி நாட்டைவிட்டுப் போக வேண்டும்."

"ஆகா, கம்பீரமாக இருக்கிறது," என்றார் ராஜா. "அப்படியே ஆகட்டும்."

நல்லக்குட்டி அந்த வாரம்தான் வீட்டுக்குக் கூரை வேய்ந்திருந்தான். நாட்டைவிட்டுப் போக அவனுக்குக் கொஞ்சமும் இஷ்டமில்லை. ஆகவே கட்டளையை ஓர் எழுத்து பிசகாமல் நிறைவேற்றினான்.

உக்கிராணம் தயாரானது. திறப்பு விழா விருந்துக்கு ராஜாவும் சபையும் இலை முன்னால் உட்கார்ந்தார்கள். உள்ளே, நல்லக்குட்டி சாமான் எடுத்துக் கொடுக்க, சமையல்காரி வீரம்மாள் கரண்டியோடு உக்கிராண வாசலில் நின்றாள்.

"ஐயா, ரசம் வைக்கணும். புளி எடுங்க."

"இரு வீரம்மா. முதலில் குங்குமப்பூ பானைக்குள் எழுந்தருளட்டும். அப்புறம் ஏலக்காய்."

"ரசத்திலயா? உமக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு?"

"எனக்கில்லை, சபைக்கு. இந்தா முந்திரி, போடு. அடுத்து கல்கண்டு."

"என் கைப்பக்குவத்துக்கு வந்த கேடு," என்று தலையில் அடித்துக்கொண்டு போட்டாள். சோற்றுப் பானை, குழம்புச் சட்டி எல்லாவற்றுக்கும் இதே மரியாதை நடந்தது.

இலையில் விழுந்ததை ராஜா வாயில் வைத்தார். முகம் கோணியது.

"நல்லக்குட்டி, இது என்ன?"

"ரசம், பிரபு."

"இதில் ஏன் முந்திரி நீந்துகிறது?"

"முந்திரி நுழையாத பானையில் புளி நுழைந்தால் என்னை நாடு கடத்திவிடுவீர்கள், பிரபு."

"உப்பே இல்லையே."

"வாசலில் நிற்கிறது. பெரிய மனிதர்கள் எல்லாரும் உள்ளே போனதில் பானை நிறைந்துவிட்டது."

ராஜா மந்திரியின் பக்கம் திரும்பினார். "உலகளந்தாரே, உமக்கு எப்படி இருக்கிறது?"

"அ... அமிர்தம், பிரபு."

"சந்தோஷம். வீரம்மா, மந்திரிக்கு இன்னும் ஊற்று."

மந்திரி இரண்டு வாய் விழுங்கினார். மூன்றாவது வாய்க்குக் கண் பிதுங்கியது. பரிமாறுகிறவளின் காதருகே குனிந்து, "தாயே, ஒரு கல் உப்பு..." என்றார்.

"வேண்டாம் ஐயா," என்றான் நல்லக்குட்டி. "இத்தனை பெரியவர்கள் வீற்றிருக்கும் இலைக்குக் கூலிக்காரன் வீட்டு ஆளைக் கூப்பிடலாமா?"

ராஜா சிரித்தார். இலையில் கை ஊன்றிச் சிரித்தார். சட்டம் அங்கேயே ரத்தானது. நல்லக்குட்டி முதலில் சொன்னபடியே உக்கிராணத்தை மாற்றி அடுக்கும்படி உத்தரவானது. ராஜா கழுத்து மாலையைக் கழற்றி அவனுக்குப் போட்டார். சபை எழுந்து நின்று வாழ்த்தியது.

பிறகு எல்லோரும் ஊறவைத்த அவலைத் தின்றார்கள்.