கால் நனைக்காத பண்டிதர்

முன்னொரு காலத்திலே மங்கலநாடு என்ற சீமையைக் கொடிமாறன் என்றொரு ராஜா ஆண்டு வந்தான். நல்ல மனுஷன்தான், ஆனால் காலையில் ஒரு ஆசை, மாலையில் ஒரு ஆசை. ஒரு நாள் அரண்மனை வைத்தியர் வைத்தீஸ்வரப் பண்டிதர் அவன் காதில் ஓதிவிட்டார். ஏரிக்கரை முழுக்க வெறும் களையாம், பிடுங்கிப் போட்டால் பூந்தோட்டம் வைக்கலாமாம். ராஜாவும் தலையாட்டிவிட்டான்.

சேதி குருவம்மா காதுக்கும் எட்டியது. கோரை அறுத்துப் பாய் முடைகிறவள் அவள். கரை போனால் பாய்க்குக் கோரை ஏது, குழம்புக்குக் கீரை ஏது? நாற்பது குடும்பம் பட்டினி கிடக்கணும். விறுவிறுவென்று சபைக்கே போய், அங்கே களையென்று ஒன்றுமில்லை, எல்லாச் செடிக்கும் பேரும் உண்டு பயனும் உண்டு என்று சொல்லிவிட்டாள். பாய்க்காரி தன் வித்தையில் மூக்கை நுழைப்பதா என்று பண்டிதருக்குப் பொறுக்கவில்லை. போட்டி வைத்துப் பார்க்கலாம் என்றார்.

வேடிக்கையென்றால் ராஜாவுக்கு வெல்லம். மறுநாளே ஏரிக்கரையில் சபை கூடியது. குருவம்மா தோற்றால் கரை தோட்டமாகும், ஜெயித்தால் கரை அவள் ஜனங்களுக்கு.

முதலில் பண்டிதர் ஒவ்வொரு செடியாக நீட்டிப் பேர் கேட்டார். வல்லாரை, பொன்னாங்கண்ணி, நீர்முள்ளி என்று அவள் வாசனை பிடித்தே சொல்லிக்கொண்டு வந்தாள். கடைசியாக அவர் அங்கவஸ்திரத்துக்குள்ளிருந்து ஒன்றை எடுத்து நீட்டினார். குருவம்மா இலையைப் பார்க்கவில்லை, வேரைத்தான் பார்த்தாள்.

"இது ஏரிச் செடியே இல்லை மகாராசா. வேரிலே செம்மண் ஒட்டியிருக்கு. இங்கே அத்தனையும் கருஞ்சேறு."

பண்டிதர் வீட்டுத் தோட்டம் செம்மண் என்பது ஊருக்கே தெரியும். அவர் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

இப்போது அவள் முறை. முழங்கால் தண்ணீரில் இறங்கி இரண்டு கொத்து கிள்ளி வந்தாள். ஒன்று துளசி மாதிரி அகல இலை, மற்றது தலைமயிர் மாதிரி மெல்லிசு. பாதக்குறடு நனையாமல் கரைமேட்டிலேயே நின்ற பண்டிதர் கம்பீரமாகச் சொன்னார். முன்னது இருமலுக்கு அருமருந்து, பின்னது விஷப்பூண்டு, நாக்கில் பட்டால் ஆள் காலி. நன்றாகப் பார்த்துச் சொல்லும்படி அவள் கேட்டும் அவர் அசையவில்லை.

குருவம்மா மறுபடி இறங்கி ஒரு செடியை வேரோடு பிடுங்கித் தூக்கிக் காட்டினாள். மேலே அகல இலை, கீழே மயிரிலை, தண்டு ஒன்றே ஒன்று.

"தண்ணிக்கு வெளியே ஒரு இலை, உள்ளே ஒரு இலை, இந்தச் செடியோட வழக்கம் அது மகாராசா. சீரகப்பூண்டுன்னு சொல்வோம். மீன்குழம்புல போடுவோம்" என்றவள், அந்த 'விஷத்தை' வாயில் போட்டு மென்றாள்.

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். கரையை அவள் ஜனங்களுக்கே பட்டயம் எழுதச் சொன்னான். பண்டிதர் ஆறு மாதம் அவளோடு சேற்றில் இறங்கிச் செடி படிக்கணும் என்றும் உத்தரவு போட்டான். திடீரென்று அவன் முகம் வெளிறியது.

"பண்டிதரே, மூணு வருஷமா காலையில எனக்கு ஒரு கஷாயம் தர்றீரே, அதுல என்ன போடுறீர்?"

அன்றிலிருந்து ராஜாவின் கஷாயத்தில் முதல் மடக்கு பண்டிதருக்குத்தான்.