பெருமூச்சுக்கு ஒரு மாடி

ரொம்பக் காலத்துக்கு முன்னாலே, கிளி பேசினால் யாரும் திரும்பிக்கூடப் பார்க்காத நாளிலே, பவழங்காடு என்று ஒரு ராஜ்யம். அதன் தலைநகரில், மீன்கடைத் தெருவில், தாயம்மா, பூமயில் என்று இரண்டு பெண்கள் இருந்தார்கள். பக்கத்துப் பக்கத்து வீடு, நடுவில் ஒரே சுவர். இருவரின் புருஷன்மாரும் கப்பலேறிப் போனவர்கள். எப்போதாவது வந்து முகம் காட்டிவிட்டுத் திரும்பவும் கப்பலேறிவிடுவார்கள். அதனால் பெண்கள் இருவரும் சேர்ந்து முறுக்கு சுட்டு விற்றார்கள். மூத்தவள் தாயம்மா மாவு பிசைந்து பிழிவாள், இளையவள் பூமயில் சுட்டெடுப்பாள்.

தாயம்மா நல்லவள்தான். ஆனால் அவளுக்கு ஒரு வியாதி. அடுத்த வீட்டு முருங்கை காய்த்தால் இவளுக்கு வயிறு எரியும். எதிர்வீட்டுப் பசு இரட்டைக் கன்று போட்டால் இவளுக்குச் சோறு இறங்காது. உங்களுக்கும் எனக்கும் இல்லாத வியாதி இல்லை. அவளுக்குக் கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான்.

ஒருநாள் விரூபன் என்ற மந்திரவாதி ஊருக்குள் வந்தான். தோளில் ஒரு கிளி, கையில் ஒரு செப்புக்குடம். மீன்கடைத் தெருவுக்கு எதிரே இருந்த திடலில் நின்று கையைத் தட்டினான். பூமி பிளந்து ஒரு மாளிகை எழுந்தது. தேக்குக் கதவு, பளிங்குத் தரை, வெள்ளிச் சங்கிலி போட்ட ஊஞ்சல். முன்மண்டபத்தில் வரிசையாகத் தூண்கள், தூணுக்குத் தூண் ஆளுயரச் சிற்பம். ஒரு சிற்பத்தின் கன்னத்தில் வெற்றிலை அடக்கிய புடைப்புக்கூட இருந்தது.

"பேரை ஓலையில் எழுதிக் குடத்தில் போடுங்கள். கிளி யார் ஓலையை எடுக்கிறதோ அவருக்கு மாளிகை இனாம்" என்றான் விரூபன். "சல்லிக்காசு வேண்டாம்."

ஊரே முண்டியடித்தது. தாயம்மா முதல் ஆளாகத் தன் ஓலையைப் போட்டாள். பூமயில் மட்டும் ஒதுங்கி நின்றாள்.

"எனக்கெதுக்குக்கா மாளிகை? அவ்வளவையும் யாரு பெருக்குறது?"

"சும்மா போடுடி. என் ஓலைக்குத் துணையா ஒண்ணு கிடக்கட்டும்" என்று சொல்லி, தாயம்மாவே அவள் பேரை எழுதி, தன் கையாலேயே குடத்துக்குள் திணித்தாள்.

கிளி பறந்து வந்து, குடத்துக்குள் தலையை விட்டு, ஓர் ஓலையைக் கவ்வியது. பூமயில்.

ஊர் கைதட்டியது. தாயம்மாவும் தட்டினாள். தட்டிய கை இரண்டும் எரிந்தன. வீட்டுக்கு வந்து மாவைப் பிசைகிறேன் என்று போட்டு அடித்தாள். "நான் எழுதின ஓலை. நான் போட்ட ஓலை. எனக்கு விழவேண்டிய மாளிகை" என்று சுவரிடம் சொன்னாள். சுவருக்கு அந்தப் பக்கம் கேட்பதற்கு ஆள் இல்லை. பூமயில் மாளிகைக்குக் குடிபோய்விட்டாள்.

ஒரு வாரம் தாயம்மா தனியாகப் பிழிந்து தனியாகச் சுட்டாள். பாதி வேகவில்லை, மீதி கருகியது. எட்டாம் நாள் மாளிகையைப் பார்க்கப் போனாள். கதவு திறந்தது. பூமயில் கண்கள் கோவைப்பழமாய்ச் சிவந்திருந்தன.

"ஏண்டி, தெருப்பக்கமே காணோம்?"

"படி தாண்ட விடமாட்டேங்குதுக்கா. தூக்கமும் இல்ல. கண்ணை மூடினா கதவெல்லாம் தானா திறக்குது, எழுந்து எழுந்து சாத்துறேன்."

'மாளிகைக்காரி மண்ணை மிதிப்பாளா? ராவெல்லாம் ஊஞ்சலாடினால் கண் சிவக்காமல் என்ன செய்யும்' என்று நினைத்துக்கொண்டாள் தாயம்மா. வெளியே வந்து திரும்பிப் பார்த்தாள். வயிற்றின் அடியிலிருந்து ஒரு பெருமூச்சு வந்தது. நான் எழுதின ஓலை, நான் போட்ட ஓலை, எனக்கு விழவேண்டிய மாளிகை.

மறுநாள் காலையில் மாளிகையின்மேல் ஒரு மாடி ஏறியிருந்தது.

"வந்த சூட்டோடு மாடி கட்டுகிறாளே" என்று தாயம்மாவுக்குப் பொறுக்கவில்லை. இருந்தாலும் ஒரு கூடை முறுக்கு எடுத்துக்கொண்டு போனாள். அன்பினால் அல்ல, உள்ளே எட்டிப் பார்க்கத்தான். பூமயில் இளைத்திருந்தாள். ஒரு முறுக்கை உடைத்து வாயில் போட்டு, மெல்ல மெல்ல மென்று, கீழே வைத்துவிட்டாள்.

"ருசியே தெரியலக்கா" என்றாள். அவள் கண்ணில் தண்ணீர் நின்றது.

அதைத் தாயம்மா பார்த்தாள் என்றா நினைக்கிறீர்கள்? அவள் காதில் விழுந்தது ஒன்றுதான். 'என் முறுக்கு ருசியில்லையாம். நேற்றுவரை இதே முறுக்கைச் சுட்டவள்தானே. பளிங்குத் தரை வந்ததும் நாக்கு நீண்டுவிட்டது.' கூடையைத் திருப்பித் தூக்கிக்கொண்டு வந்தாள். தெருமுனையில் நின்று இரண்டாவது பெருமூச்சு விட்டாள். மறுநாள் இரண்டாவது மாடி.

மூன்றாம் தடவை போனபோது பூமயில் பேசவே இல்லை. வாயைத் திறந்தாள், மூடினாள், தாயம்மாவின் கையைப் பிடித்து மார்போடு வைத்துக்கொண்டாள். தாயம்மா கையை உதறினாள்.

"இப்ப பேசவும் கௌரவம் இடம் கொடுக்கல, இல்லையா?"

வாசலைத் தாண்டியதும் மூன்றாவது பெருமூச்சு வந்தது. இந்த முறை மறுநாள்வரை காத்திருக்கவில்லை. அவள் கண் முன்னாலேயே கடகடவென்று மூன்றாவது மாடி ஏறியது.

தாயம்மா திகைத்துப்போனாள். கொத்தன் இல்லை, சித்தாள் இல்லை, சாரம் இல்லை. வாசல் வளையத்தில் உட்கார்ந்திருந்த கிளி கொட்டாவி விட்டது.

"மூன்று கேள்விக்கு உண்மை சொல்லுவேன், தாயே. நாலாவது கேட்டால் கடித்துவிடுவேன்" என்றது.

"அவளுக்கு ஏன் இத்தனை திமிரு?"

"திமிரா? இனாம் வீடு வாடகை கேட்காது, ஆளைக் கேட்கும். முதலில் தூக்கத்தை வாங்கியது. பிறகு ருசியை வாங்கியது. இன்றைக்குக் குரலை வாங்கியது."

தாயம்மா வளையத்தின் அருகே போனாள். "எதுக்கு வாங்குது?"

"பார்க்கிறவர் வயிறெரிந்து பெருமூச்சு விட்டால் வீட்டுக்கு ஒரு மாடி ஏறும். மாடிக்கு மாடி குடியிருப்பவளிடமிருந்து ஒன்று முன்பணமாய்ப் போகும், விரூபனுக்கு ஒரு வருஷம் ஆயுசு ஏறும். நாலாவது மாடிக்குக் கொடுக்க அவளிடம் ஒன்றும் மிச்சமிருக்காது. அவளே தூணாகிவிடுவாள். இந்தத் தூணெல்லாம் யாரென்று நினைத்தாய்? முன்னால் குலுக்கலில் பேர் விழுந்தவர்கள்."

மூன்றாவது கேள்வியைத் தாயம்மா தட்டுத்தடுமாறிக் கேட்டாள்.

"மூணு மாடியும் யாரு விட்ட பெருமூச்சு?"

"ஊரார் பெருமூச்செல்லாம் சுவருக்கு வெள்ளையடிக்கத்தான் போதும். மாடி ஏற்றினது ஒரே ஒருத்தி" என்று சொல்லிவிட்டு, கிளி இறக்கையைக் கோதத் தொடங்கியது.

அப்போது மண்டபத்திலிருந்து விரூபன் சிரித்துக்கொண்டே வந்தான். "வா, தாயம்மா. உன்னைப்போல் ஓர் ஆளை நான் பார்த்ததில்லை. இன்னும் ஒரே ஒரு பெருமூச்சு. அவள் தூணாகட்டும், குடம் வேண்டாம், குலுக்கல் வேண்டாம், மாளிகை உனக்குத்தான். ஊஞ்சல் காலியாகத்தான் கிடக்கிறது."

பொய் சொல்வானேன், தாயம்மா ஊஞ்சலைப் பார்த்தாள். வெள்ளிச் சங்கிலியைப் பார்த்தாள். மனசு அரை நிமிஷம் அதில் போய் உட்கார்ந்து ஆடிவிட்டே வந்தது. மூச்சு தொண்டைவரை ஏறிவிட்டது. அதற்குள் கண் கீழே போனது. ஊஞ்சல் பக்கத்தில் நின்ற பூமயிலின் பாதம் கல்லாயிருந்தது. எண்ணெய் தெறித்த பழைய தழும்புகூட அந்தக் கல்லில் இருந்தது.

தாயம்மா வாயை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு வீட்டுக்கு ஓடினாள். அடுப்பு நெருப்பைச் சட்டியில் அள்ளினாள். கல்லுப்பையும் காய்ந்த மிளகாயையும் மடியில் கட்டினாள். விளக்கு வைக்கிற நேரத்துக்கு மாளிகைக்குத் திரும்பி வந்து, கல்லான பாதத்தோடு கிழக்கே பார்த்து நின்ற பூமயிலுக்கு எதிரே போய் நின்றாள்.

"திருஷ்டி கழிக்கப் போகிறாயா? கழி, கழி" என்று விரூபன் ஊஞ்சலில் சாய்ந்துகொண்டான்.

தாயம்மா கைநிறைய உப்பும் மிளகாயும் எடுத்து பூமயிலின் தலையைச் சுற்றினாள். "ஊர்க் கண்ணு, உறவுக் கண்ணு, தெருக் கண்ணு, எல்லாக் கண்ணும் போகட்டும். துப்புடி." பூமயில் துப்பியதும் தாயம்மா அதை நெருப்பில் போட்டாள். மிளகாய் கருகியது, துளி நெடி இல்லை. திருஷ்டி இருந்தால் மிளகாய் நெடிக்காது என்பது ஊரறிந்த விஷயம். கல் முழங்காலுக்கு ஏறியது.

இரண்டாம் தடவை சுற்றினாள். "நாய்க் கண்ணு, நரிக் கண்ணு, பேய்க் கண்ணு, பிசாசுக் கண்ணு, எல்லாக் கண்ணும் போகட்டும்." நெருப்பில் போட்டாள். அப்போதும் நெடி இல்லை. கல் இடுப்புக்கு ஏறியது.

மூன்றாம் தடவை கை எடுத்தாள். ஊரில் உள்ள கண்ணையெல்லாம் சொல்லியாகிவிட்டது. சொல்லாமல் விட்டது ஒன்றுதான். தாயம்மாவுக்கு அவமானத்தில் உடம்பு கூசியது. அந்த இடத்தைவிட்டு ஓடிவிடலாமா என்றிருந்தது. கல் பூமயிலின் கழுத்துக்கு வந்துவிட்டது. அவள் கண் மட்டும் தாயம்மாவைப் பார்த்தபடி இருந்தது.

"என் கண்ணு" என்றாள் தாயம்மா. "உன் ஊஞ்சல்மேல என் கண்ணு. உன் கதவுமேல, உன் தரைமேல என் கண்ணு. நீ தூக்கமில்லாம நின்னப்ப எனக்குத் தெரியல. நீ அழுதப்பவும் தெரியல. நீ இல்லாம நான் இங்க குடியிருக்கிற மாதிரி தினம் தினம் கனவு கண்டேண்டி. அந்தக் கண்ணு போகட்டும்."

மிளகாயை நெருப்பில் போட்டாள். உப்பு படபடவென்று வெடித்தது. கிளம்பியது பாருங்கள் ஒரு நெடி, அப்பப்பா, மூக்கு, கண், தொண்டை ஒன்றையும் விடவில்லை. தாயம்மா இருமினாள். பூமயில் இருமினாள், கல் பொருக்குப் பொருக்காய் உதிர்ந்தது. தூண்கள் இருமின. வெற்றிலைக் கன்னக்காரர் இருமி இருமி, எத்தனையோ வருஷத்து எச்சிலைத் துப்பிவிட்டுக் கீழே இறங்கினார். மாளிகையும் இருமியது. முதல் இருமலுக்கு மூன்றாவது மாடி விழுந்தது, அடுத்ததற்கு இரண்டாவது, அதற்கடுத்து முதலாவது. விரூபன் இரும இரும, சேர்த்துவைத்த வருஷமெல்லாம் கழன்று கொட்டியது. கடைசியில் ஊஞ்சலில் ஒரு பிடி சாம்பல்தான் மிச்சம். ஊஞ்சலும் இல்லாமல் போனதும் அதைக் காற்று கொண்டுபோனது. கிளி மட்டும் இருமாமல், எப்போதோ பறந்துபோயிருந்தது.

வெறுந்திடலில் நின்று பூமயில் கண்ணைக் கசக்கினாள்.

"மிளகாயை இப்படியா அள்ளிப் போடுவே?" என்றது திரும்பி வந்த குரல். தாயம்மா அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். மிளகாயால் என்று பிறகு சொன்னாள்.

தூணாயிருந்தவர்களில் ஒருத்தி ராஜாவின் சொந்த அத்தை. காணாமல் போன அத்தை திரும்பி வந்த சந்தோஷத்தில் ராஜா இருவரையும் அரண்மனைக்கு அழைத்தார். "ஆளுக்கொரு மாளிகை தரட்டுமா?" என்றார்.

"ஐயோ, வேண்டாம் மகாராஜா" என்றார்கள் இருவரும் ஒரே குரலில்.

அப்படியானால் பட்டுப்புடவையாவது வாங்கிக்கொள்ளுங்கள் என்று ஆளுக்கொன்று கொடுத்தார். இருவரும் வீடு வந்து பிரித்துப் பார்த்தார்கள். தாயம்மாவுடையது அரக்கு நிறம். பூமயிலுடையது கிளிப்பச்சை, கரை இரண்டு விரல் அதிகம். தாயம்மா பார்த்துக்கொண்டே இருந்தாள். வயிற்றில் அந்தப் பழைய எரிச்சல் மெல்லப் பிடித்தது.

பூமயில் நிமிர்ந்து பார்த்தாள். "என்னக்கா?"

"உன் புடவைக் கரை என்னோடதைவிடப் பெரிசு. எனக்கு வயிறு எரியுதுடி" என்றாள் தாயம்மா.

பூமயில் தன் புடவையைத் தாயம்மா பக்கம் தள்ளினாள். பிறகு, "உன் அரக்கு நிறத்தைப் பார்த்ததுலேருந்து எனக்கும் எரியுதுக்கா. நீ முதல்ல சொல்லட்டும்னு இருந்தேன்" என்றாள்.

இருவரும் சிரித்தார்கள். ஒரு நாள் இவள் அதைக் கட்டினாள், மறுநாள் அவள் இதைக் கட்டினாள். முறுக்கை இவள் பிழிந்தாள், அவள் சுட்டாள், ஊர் தின்றது. உங்கள் பங்குக்கு வந்ததுதான் இந்தக் கதை, கடித்துச் சாப்பிடுங்கள்.