பிள்ளையார் சுழியோடு நின்ற ஏடுகள்

பொன்னலூரை உத்தண்ட பூபதி என்றொரு ராஜா ஆண்டுவந்தார். கெட்டவர் இல்லை. ஞாபகம்தான் மட்டு. காலையில் மனம் உருகி வாக்குக் கொடுப்பார். மத்தியானச் சாப்பாட்டோடு அதுவும் செரித்துப்போகும். ஒருநாள் ராணியின் தம்பி கல்யாணத்தையே மறந்துவிட்டார். அன்று ராணி என்ன சொன்னார் என்பது நமக்கு வேண்டாம். மறுநாளே ஓர் உத்தரவு பிறந்தது. அதிகாரிகள் எல்லோரும் மடியில் செருகும் அளவில் ஒரு குறிப்பேடு வைத்திருக்க வேண்டும். மன்னர் எது சொன்னாலும் உடனே குறித்துக்கொள்ள வேண்டும்.

நல்ல உத்தரவுதான். ஆனால் எந்த ஏடு நல்ல ஏடு? அங்கேதான் வினை பிடித்தது.

பிரதானி வேங்கடப்பர் மான்தோல் அட்டை போட்டு, சரிகைக் கயிறு கட்டிய காகித ஏடு கொண்டுவந்தார். ஜோசியர் கட்டைவிரல் நீளத்தில் ஓலைச்சுவடி செய்துகொண்டார். சேனாதிபதி கெட்டியாக இருக்கட்டும் என்று செப்புத் தகட்டிலேயே செய்து செருகினார். எழுந்து நின்றபோது ஏடு வேட்டியை இழுத்துக்கொண்டு இறங்கிவிட்டது. அப்புறம் சபையில் வேறு பேச்சே இல்லை. குனிந்தால் எது வயிற்றில் குத்துகிறது, எதில் மை மறுபக்கம் ஊறுகிறது, எது வியர்வையைத் தாங்குகிறது என்று பொழுதெல்லாம் ஆராய்ச்சி. ஓலைக் கட்சிக்காரர் வீட்டில் காகிதக் கட்சிக்காரர் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை.

இந்தக் கூத்துக்கு நடுவில் வெள்ளைச்சி என்ற குடியானவப் பெண் சபைக்கு வந்தாள். ஊர் ஆவரங்குளம்.

"மகாராசா, எங்க ஏரிக்கரை விரிசல் விட்டுக் கெடக்கு. மழைக்கு முந்தி அடைக்கலைன்னா ஊரே முழுகிப்போகும். புள்ளகுட்டிய வச்சுக்கிட்டுத் தூக்கமே இல்லீங்க."

"அடடா, இதைக் குறித்துக்கொள்ளுங்கள்" என்றார் மன்னர்.

அத்தனை பேரும் மடியிலிருந்து ஏட்டை எடுத்தார்கள். வெள்ளைச்சி மட்டும் நகரவில்லை.

"போன தடவை வந்தப்பவும் இப்படித்தான் எல்லாரும் எடுத்தாங்க மகாராசா. ஒரு ஆளும் வரலை."

மன்னருக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவள் ஏற்கெனவே வந்ததே அவருக்கு ஞாபகம் இல்லை. "ஏடுகளை இப்படிக் கொண்டுவாருங்கள்" என்றார்.

பிரதானியின் ஏட்டைத் திறந்தார். முதல் பக்கத்தில் அழகான பிள்ளையார் சுழி. அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. ஜோசியர் ஓலையிலும் பிள்ளையார் சுழி. சேனாதிபதியின் செப்புத் தகட்டில் ஆழமாக வெட்டிய பிள்ளையார் சுழி. எல்லா ஏடும் அங்கேயே நின்றிருந்தது.

"என்ன இது?"

பிரதானி பணிவாகச் சொன்னார். "மகாராஜா, இவ்வளவு உயர்ந்த ஏட்டில் முதல் வரியாகக் கரை விரிசலையா எழுதுவது? மங்கலமான சேதி ஒன்று வரட்டும் என்று காத்திருக்கிறோம். அதோடு எந்த ஏடு சிறந்தது என்று இன்னும் முடிவாகவில்லை. நாளைக்குத் தள்ளுபடியாகும் ஏட்டில் இன்றைக்கு எழுதி என்ன பயன்?"

இதற்குச் சபையில் பலர் தலையாட்டினார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

மன்னர் முகம் கடுத்தது. பிரதானி சட்டென்று பேச்சை மாற்றினார். "நாங்களாவது ஏடு வைத்திருக்கிறோம். சிவக்கொழுந்தின் மடியைப் பாருங்கள், காலி."

சிவக்கொழுந்து அந்தச் சபையின் விகடகவி, வாய்த்துடுக்குக்காரர். பிரதானிக்கு அவரைக் கண்டாலே ஆகாது.

"நல்ல ஏடாகப் பார்த்து வைத்திருக்கிறேன் மகாராஜா. அதை மடியில் செருக முடியாது, அவ்வளவுதான்" என்றார் சிவக்கொழுந்து.

"அப்படியானால் இப்போதே காட்டட்டும்" என்றார் பிரதானி. "கனக்கக் கூடாது. நனைந்தாலும் அழியக் கூடாது. திறக்காமலே ஞாபகப்படுத்த வேண்டும். முடியாவிட்டால் சபையை விட்டுப் போகட்டும்."

மன்னரும் சரி என்றுவிட்டார்.

சிவக்கொழுந்து ஒரு தரம் வெள்ளைச்சியைப் பார்த்தார். அவள் கண் கலங்கி நின்றாள், பாவமாக இருந்தது. அவர் நேரே சிம்மாசனத்தருகே போனார்.

"மகாராஜா, அங்கவஸ்திரத்தைக் கொஞ்சம் கொடுங்கள்."

வாங்கி, பட்டு நுனியில் எலுமிச்சம்பழப் பருமனில் ஒரு முடிச்சுப் போட்டார். பல்லால் கடித்து இறுக்கினார்.

"நம் வீட்டுப் பெண்கள் ஞாபகத்துக்கு முந்தானையில் போடுகிற முடிச்சுதான். இதன் பெயர் ஆவரங்குளம். கரை அடைபடும் வரை அவிழ்க்கக் கூடாது."

"இதில் எத்தனை சேதி குறிக்க முடியும்?" என்று பிரதானி இளக்காரமாகக் கேட்டார்.

"ஒன்றுதான். அதை முடித்தால்தான் அடுத்தது."

"அதை மன்னர் துணியிலா போடுவது?"

"மறக்கிறவர் யாரோ, அவரிடம்தானே இருக்க வேண்டும்?"

மன்னர் முகம் சிவந்தது. பிறகு என்ன நினைத்தாரோ, "சரி, இருக்கட்டும்" என்றார்.

சாப்பிட உட்கார்ந்தார்; முடிச்சு ரசத்தில் விழுந்தது. கழுவினார், முடிச்சு அப்படியே இருந்தது. கோயிலில் குருக்கள் அதையே பார்த்தார். சாய்ந்து உட்கார்ந்தால் முதுகில் உறுத்தியது. அந்தப்புரத்தில் ராணி, "இது எந்த வாக்கு? யாருக்குக் கொடுத்து மறந்தீர்கள்?" என்று ஆரம்பித்தார். அதற்கு மேல் தாங்குமா? மறுநாள் விடிந்ததும் மன்னரே மண்வெட்டி ஆட்களோடு ஆவரங்குளம் போய்விட்டார். கரை அடைபடும் வரை அங்கிருந்து அசையவில்லை.

மழை வந்தது. ஏரி தளும்பியது. கரை நின்றது. வெள்ளைச்சி சபைக்கு வந்து, தன் கையாலேயே முடிச்சை அவிழ்த்தாள். சிரிப்பும் அழுகையுமாக மன்னரைக் கும்பிட்டாள்.

மன்னருக்கு ஒரே பூரிப்பு. "சிவக்கொழுந்துக்கு ஒரு ஜோடி கறவை மாடு பரிசு. குறித்துக்கொள்ளுங்கள்" என்றார்.

பிரதானி முதற்கொண்டு அத்தனை பேரும் மடியில் கை விட்டு ஏட்டை எடுத்தார்கள். மங்கலமான சேதியாயிற்றே, எழுத எந்த ஏடு பொருத்தம் என்று அங்கேயே பேச்சுத் தொடங்கியது.

சிவக்கொழுந்து சத்தமில்லாமல் சிம்மாசனத்தருகே போய்க் கையை நீட்டினார்.

"மகாராஜா, அந்த அங்கவஸ்திரம்."

மன்னர் வயிறு குலுங்கச் சிரித்துக்கொண்டே நுனியை எடுத்துக் கொடுத்தார்.