பின்னால் நின்ற சிப்பாய்

நீலமங்கலம் ராஜாவுக்கு ஏரியில் மிதந்தபடி சதுரங்கப் புதிர் போடுவதில் அப்படியொரு பித்து. தண்ணீர் குறைந்தால் படகு தரை தட்டுமே என்று மதகையே மூடிவிட்டார். கீழே வயல்கள் வெடித்துக் கிடந்தன.

"மதகைத் திறங்க ராஜா," என்றாள் படகோட்டி பூமயில்.

"என் புதிருக்கு விடை சொல், திறக்கிறேன். வெள்ளை ஆடி ஜெயிக்க வேண்டும். புத்தியைத் தீட்டும் புதிர்! இதோ, தளபதியே திணறுகிறார்."

பனி படகைச் சுற்றிப் பஞ்சாய் மிதந்தது. பூமயில் துடுப்பை மடியில் வைத்துக் கண்ணை மூடினாள். மனசுக்குள் காய்கள் அல்லிகளுக்கு நடுவே நகர்ந்தன, வந்த வழியே திரும்பின. ஒன்று மட்டும் வந்த வழி தெரியாமல் நின்றது.

"சிப்பாய் இரண்டாம் வரிசையில கிளம்பி முன்னால மட்டும்தான் போவான். இந்த வெள்ளைச் சிப்பாய் அதுக்கும் பின்னால, முதல் வரிசையில நிக்கிறானே, எப்படி ராஜா? நம்ம படையில பின்னால ஓடுற ஆளுண்டா?"

தளபதி நிமிர்ந்து உட்கார்ந்தார். உண்டென்றால் படைக்கு அவமானம்; இல்லையென்றால் புதிரே தப்பு. ராஜா அந்தச் சிப்பாயை மெல்ல எடுத்து மடியில் ஒளித்துக்கொண்டார்.

"மதகைத் திறக்கச் சொல்."

ஏரி வயலுக்குள் இறங்க இறங்க, படகும் கனவுபோலக் கீழே இறங்கியது.

"போன தண்ணீர் திரும்பி வருமா?" என்றார் ராஜா ஏக்கத்தோடு.

"அதுவும் சிப்பாய் மாதிரிதான் ராஜா. முன்னால மட்டும்தான் போகும்."